படகில் வரும் குடும்பம் கோலாலம்பூரில் ஒரு மாதம் தங்குவதானால்

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியே பாய்மரப் படகில் வடக்கு நோக்கி வருவதாகவும், நீங்கள் இருவரும் எட்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவருமாக நால்வர் என்றும், நவம்பரில் ஒரு மாதம் படகை விட்டு இறங்கிக் கோலாலம்பூரைப் பார்க்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படகை எங்கே விடுவது, கடலை ஒட்டாத ஒரு தலைநகரில் ஒரு மாதம் தங்கும் அளவுக்கு என்ன இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள். கிள்ளானில் வளர்ந்து, பல ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் வசிப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு மாதம் தாராளமாகத் தங்கலாம். இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் இரண்டு நாளில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இந்த நகரத்தின் முகப்பை மட்டுமே பார்க்கிறார்கள். உங்களைப் போல நீர்வழியாக வருகிறவர்களுக்கு இதைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. கோலாலம்பூர் கடலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், அது ஆற்றில் படகேறி வந்தவர்கள் இறங்கிய இடத்தில் பிறந்த ஊர். 1857இல் கிள்ளானின் தலைவராக இருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் அவர்கள் கரையேறி, அங்கிருந்து அம்பாங் காட்டுக்குள் நடந்து சென்றார்கள். காய்ச்சலில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் மாண்டுபோனார்கள். ஆயினும் ஆள் வருவது நிற்கவில்லை, ஈயம் கிடைத்தது, இறங்குதுறையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஆகையால் கடல் முகத்திலிருந்து தொடங்கி ஆற்றின் போக்குக்கு எதிராக மேலே வந்து நகரத்தைப் பாருங்கள் என்பதே என் யோசனை. இந்த வரிசையில் பார்த்தால் ஒவ்வோர் இடமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தானாக விளங்கும்.

முதலில் படகு. கோலாலம்பூருக்கு மிக அருகில் இருப்பது போர்ட் கிள்ளானிலுள்ள ராயல் சிலாங்கூர் படகு மன்றத்தின் மிதவைத் துறை. கம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலின் கடைசி நிலையம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், ரயிலேறி ஒன்றரை மணி நேரத்துக்குள் நகரின் நடுவுக்கு வந்துவிடலாம். ஆனால் அது ஆற்று முகத்துவாரம் என்பதை மறக்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் நான்கு மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டியிருப்பதால் இழுவை கடுமையாக இருக்கும். மழைக்குப் பின் மரக்கட்டைகளும் நகரத்துக் குப்பையும் மிதந்து வந்து கயிறுகளில் சிக்கும். நீரோட்டம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே வருவதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஆள் சென்று கயிறுகளைச் சரிபார்ப்பதும் அவசியம். ஒரு வாரம் தங்குவதானால் நான் இந்த இடத்தைத்தான் சொல்லுவேன்.

ஒரு மாதம் படகைத் தனியே விட்டுவிடுவதென்றால் தெற்கே போர்ட் டிக்சனில் உள்ள அட்மிரல் மெரினாவே மேல். அலைத்தடுப்புக்குள் அமைந்த துறை, ஆற்று இழுவை கிடையாது, சிங்கப்பூரிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூருக்குச் சாலை வழியே 90 கிலோமீட்டர் அளவு. காரில் வரலாம், அல்லது பேருந்தில் சிரம்பான் வந்து அங்கே ரயில் ஏறலாம். பினாங்கிலோ லங்காவியிலோ படகை விட்டுவிட்டு விமானத்தில் வருகிறவர்களும் உண்டு. அது வசதிதான், ஆனால் படகில் ஏதேனும் கோளாறு என்று தகவல் வந்தால் உடனே போய்ப் பார்க்க முடியாத தொலைவு. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்பது என் கருத்து.

நீரிணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பல் பாதை மிக நெருக்கமானது. போர்ட் கிள்ளான் உலகின் பரபரப்பான கொள்கலத் துறைமுகங்களுள் ஒன்று. கரையோரமாக வந்தால் பெரிய கப்பல்களிடமிருந்து தப்பலாம், ஆனால் இரவில் மீனவர் வலைகளிடமிருந்து தப்ப முடியாது. எனவே பகலில் மட்டும் ஓட்டி, மாலையில் நங்கூரம் போட்டுவிடுவது நல்லது. ‘சுமத்ரா’ என்று இங்கே அழைக்கப்படும் திடீர்ப் புயற்காற்று, இரவின் பிற்பகுதியிலோ விடியற்காலையிலோ மேற்கிலிருந்து பாயும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

வந்து சேர்ந்ததும் குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் ஆகிய மூன்று இலாகாக்களிலும் பதிய வேண்டும். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பது உங்கள் கடப்பிதழைப் பொறுத்தது. முத்திரை குத்தும்போதே தேதியைப் பார்த்துக்கொண்டு, திரும்பிப் படகேறி அடுத்த துறைமுகம் போய்ச் சேரும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். படகின் பதிவுப் பத்திரத்தையும், முந்தைய துறைமுகம் கொடுத்த அனுமதிச் சீட்டையும் நீர்புகாத பையில் போட்டு உங்களோடு நகரத்துக்கே எடுத்து வாருங்கள்.

படகைப் பூட்டிச் செல்வதில் நம் தட்பவெப்பத்துக்கே உரிய சில கவலைகள் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய கரையும் உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளைச் சேர்ந்தவை. வானொலி, வழிகாட்டிக் கருவி எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றி வைப்பதும், சின்னக் கருவிகளை உலோகப் பெட்டிக்குள் அடைப்பதும் வீண் வேலை அல்ல. புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மெத்தைகளைத் தூக்கி நிறுத்தி, குளிர்பெட்டியைக் காலி செய்து திறந்து வையுங்கள், மழை புகாத காற்றுத் துளைகளை மூடாதீர்கள். நீரிறைக்கும் விசைப்பம்புக்கு மின்கலம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு மாதம் அசையாமல் நின்றால் அடிப்பகுதியிலும் சுழலியிலும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகள் அப்பிவிடும். புறப்படுவதற்கு முன் ஆளை வைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். துறையிலேயே நம்பகமான ஒருவரிடம் சம்பளம் பேசி, வாரம் ஒருமுறை படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நகரத்தில் நிம்மதியாக உறங்கலாம்.

தங்குவதற்குப் பிரிக்ஃபீல்ட்ஸைச் சொல்கிறேன். இரட்டைக் கோபுரத்தின் அருகில் தங்க வேண்டும் என்று பலர் விரும்புவார்கள்; ஒரு மாதத்துக்கு அது செலவும் அலைச்சலும். பிரிக்ஃபீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருக்கிறது. கம்யூட்டர், எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில், விமான நிலைய ரயில் ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன, மோனோரயிலும் எம்.ஆர்.டி. என்னும் நகர விரைவு ரயிலும் நடக்கும் தொலைவு. மாத வாடகைக்குச் சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடுகள் கிடைக்கும். துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆளுக்கொரு டச் அண்ட் கோ அட்டை வாங்கிக்கொண்டால் எல்லா ரயிலிலும் பேருந்திலும் அதுவே போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸே தனியாக மூன்று நாளுக்கு உரிய இடம். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் ஊரைச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் முடிவெடுத்தபோது, செங்கல் சூளைகள் எழுந்த இடம் இதுதான். பிறகு ரயில்வேப் பணிமனையும் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாள வேலைக்குத் தமிழகத்துத் தொழிலாளர்களும், எழுத்தர் வேலைக்கும் நிலைய அதிபர் வேலைக்கும் யாழ்ப்பாணத்தவர்களும் வந்தார்கள். ஜாலான் ஸ்காட்டில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர் 1894இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை, விவேகானந்தா ஆசிரமம், தமிழ்த் தேவாலயங்கள், இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் எல்லாம் நடக்கும் தொலைவுக்குள் உள்ளன. முதன்மைச் சாலைக்கு துன் சம்பந்தனின் பெயர். விடுதலைக் காலத் தலைவர்களுள் ஒருவரான அவர், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், அவர்களுடைய சந்தாப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு அந்தச் சாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பூக்கடையும் துணிக்கடையும் மட்டுமாக அது தோன்றாது.

ஊர் பார்க்கும் வேலையை ரயிலேறிப் போர்ட் கிள்ளானுக்குப் போவதிலிருந்து தொடங்குங்கள். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் இன்றைய பெயரைப் பெற்ற துறைமுகம் இது. கடல் வழியாகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் முதலில் மிதித்த மலாயா மண் இதுவும் பினாங்கும்தான். நிலையத்துக்கு எதிரே விசைப்படகு ஏறினால் புலாவ் கெத்தாம் தீவு. சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கும் சீன மீனவர் குடியிருப்பு, தெருக்கள் எல்லாம் பாலங்கள். ஓதத்தோடு வாழும் ஊரைப் படகில் வளரும் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த பயணம் கிள்ளான் நகரம். அரச நகரம் என்ற மதிப்பு அதற்கு உண்டு. 1880 வரை சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடமும் அதுவே. ஈயத்தைச் சேர்த்து வைக்க ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. ஆற்றில் ஏறி இறங்கும் சரக்குக்கு வரி வாங்குவது யார் என்ற பகையில் தொடங்கிய கிள்ளான் போர் 1867 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் நடந்தது; ஆற்று வாயைப் பிடித்தவன் கையில் ஈயம் முழுதும் இருந்த காலம் அது. பழைய கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் நடப்பவர்களுக்கு உரியது. அதன் மேல் நின்று ஆற்றைப் பார்த்தால் அந்தச் சண்டையின் காரணம் கண்ணுக்கே தெரியும். மதியத்துக்கு ஜாலான் துங்கு கிளானாவில் வாழையிலைச் சாப்பாடு. கோலாலம்பூரைவிடக் கிள்ளானில்தான் தமிழ்க் கடைவீதி முழுமையாக இருக்கிறது என்று நான் சொன்னால் அதைச் சொந்த ஊர்ப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் போனால் நீங்களும் அதையே சொல்வீர்கள்.

மூன்றாவதாக ஆற்றுக் கூடல். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் படகுகளின் காலம் முடிந்தது, கூடலின் மேல் இருந்த இறங்குதுறை மறைந்தது. அங்கே 1909இல் எழுந்தது மஸ்ஜித் ஜாமெக். கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹபக். 1910இன் பழைய ரயில் நிலையமும் அவருடைய கைவண்ணமே. காலையில் எல்.ஆர்.டி.யில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, இரண்டு ஆறும் சேரும் முனையைப் பார்த்துவிட்டு, 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தையும், 1957 ஆகஸ்ட் 31 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்ட திடலையும், லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடைவீடுகளையும் நடந்தே பார்க்கலாம். 1864இல் சீனர் தலைவர் யாப் ஆ லோய் நிறுவிய சின் சீ சீ யா கோயிலும், 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மகா மாரியம்மன் கோயிலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. நகரத்தை எழுப்பிய இரண்டு சமூகங்களின் தலைவர்களும் தங்கள் தெய்வத்தை ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைத்தார்கள். இந்தப் பகுதியை ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இரண்டு மூன்று காலைப் பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சாதாரண நாட்களில் அதன் நடுப்பகுதியில் கார் ஓடும். பெருமழையில் சாலையை மூடிவிட்டு ஆற்று நீரை அதன் வழியே திருப்பிவிடுவார்கள்.

கூடலிலிருந்து கொம்பாக் ஆற்றில் மேலே போனால் அதில் பத்து ஆறு கலக்கிறது. அந்தக் கிளையின் கரையில்தான் பத்துமலை. சுண்ணாம்புக் குன்று, 272 படிகள், 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கம்யூட்டர் ரயில் அடிவாரத்துக்கே செல்லும். காலை எட்டு மணிக்குள் ஏறினால் வெயிலும் கூட்டமும் இல்லை. குரங்குகள் மட்டும் எப்போதும் உண்டு, உணவுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

இங்கே உங்கள் திட்டத்தையே மாற்றச் சொல்லப் போகிறேன். நவம்பர் மாதம் கோலாலம்பூரில் மழை மிகுந்த காலம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். அதற்குப் பதிலாக டிசம்பர் இறுதியில் வந்து, தைப்பூசம் வரை தங்கினால் மழையும் குறையும், மலேசியத் தமிழர் வாழ்வில் மிகப் பெரிய நாளையும் காண்பீர்கள். மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் இரவில் புறப்பட்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலையை அடையும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், உறுமி மேளம். காவடி எடுப்பவர்கள் பத்து ஆற்றில் நீராடிவிட்டுப் படியேறுவார்கள். 1892இலிருந்து இது நடந்து வருகிறது. அன்றைக்குக் காரை மறந்துவிட்டு, இரவு ரயிலிலோ நடந்தோ போங்கள். சின்னப் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். கடல் கணக்கும் இதற்கு இடம் கொடுக்கிறது. லங்காவியிலிருந்து இலங்கைக்கோ கொச்சிக்கோ வங்கக் கடலைக் கடப்பதற்கு வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம். தைப்பூசம் முடிந்து புறப்பட்டாலும் நேரம் இருக்கும்.

இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு மாலை போதும். 452 மீட்டர் உயரம், 41, 42ஆம் மாடிகளில் இணைப்புப் பாலம். நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்னதாக வாங்குங்கள், திங்களன்று மூடியிருக்கும். கீழே உள்ள பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடத்தில் பிள்ளைகள் அரை நாள் இருப்பார்கள். மழைப் பிற்பகல்களுக்குத் தேசிய அருங்காட்சியகமும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் உகந்தவை. மூத்த பிள்ளைக்குத் தமிழில் ஆர்வம் இருந்தால் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தையும் காட்டுங்கள். தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய இடம் அது, அவருடைய முயற்சியால் முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966இல் இந்த நகரத்தில்தான் கூடியது.

காட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். நகர நடுவிலேயே 1906 முதல் காப்புக் காடாக இருக்கும் புக்கிட் நானாஸ் உண்டு. அதைவிட எனக்கு நெருக்கமானது கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்தின் காடு. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து மனிதர்கள் மரம் நட்டு வளர்த்த காடு அது, 2025இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் வானத்தைக் கோடு கோடாக விட்டு நிற்கும். ஈயத்துக்காக வெட்டப்பட்ட காட்டையும் இவ்வாறு மீட்க முடியும் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். நிலா வெளிச்சம் இல்லாத ஓர் இரவில் கோல சிலாங்கூர் சென்று, துடுப்புப் படகில் மின்மினிகளையும் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாயும் தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றிய தேநீருமாகப் பசியாறினாலே நகரம் பழகிவிடும். திரும்பும் வாரத்தில் படகுக்கு வேண்டிய மளிகையைச் சௌக்கிட் சந்தையிலும், மின் உதிரிப் பொருள்களைப் புடுவிலுள்ள ஜாலான் பாசாரிலும் வாங்குங்கள். அட்டைப் பெட்டிகளைப் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். அடுத்து இந்தோனேசியாவுக்கோ இந்தியாவுக்கோ விசா தேவையென்றால் தூதரகங்கள் கோலாலம்பூரிலேயே இருப்பதால், கடைசி வாரம் வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பாய் விரிப்பதற்கு முந்தைய வேலைநாளில் துறைமுக இலாகாவிடம் அடுத்த துறைமுகத்தின் பெயர் எழுதிய அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும். அது இல்லாமல் லங்காவியில் போய் நின்றால் கேள்விக்கு மேல் கேள்வி வரும்.